ஊறுகாய், சாஸ் பாக்கெட்டை ஏன் யாரும் எடுப்பதில்லை?

கேள்வி: விடுதி மெஸ்ஸில் ஊறுகாய், சாஸ் எல்லாமே குட்டிப் பாக்கெட்தான். சேர்த்து வைத்தாலும் பழைய பேப்பர்க்காரர் வேண்டாம் என்கிறார். ஏன்?

பதில் 1: பாக்கெட்டின் வெளியே பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்), நடுவே அலுமினியம், உள்ளே ஒட்டுவதற்குப் பாலிஎதிலீன் (கேரி பேக் பிளாஸ்டிக்). பாலிஎதிலீன் சுமார் 110 டிகிரியில் உருகும். பெட்டுக்கு 250 தாண்ட வேண்டும். சேர்த்து உருக்கினால் எதற்கும் ஆகாத கலவைதான் மிஞ்சும். எடையும் கிடையாது, ஒரு கிலோ சேர ஏகப்பட்ட பாக்கெட் பொறுக்கணும், யாருக்குக் கட்டும்?

பதில் 2: சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகும். ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் அதற்கும் தொல்லை. கழுவி, காயவைத்து, தனிச் சாக்கில் கொடுங்கள். மூலையை முழுசாகக் கிழித்துப் போடாதீர்கள், அந்தத் துணுக்கு நேரே சாக்கடைக்குத்தான். கொல்லையில் கொளுத்தவே வேண்டாம்.

பதில் 3: பாக்கெட்டையே நிறுத்துங்க. சாஸுக்கு 5 லிட்டர் கேனும் பம்பும் போதும். பம்பின் மூக்கைத் தினமும் வெந்நீரில் கழுவாவிட்டால் காய்ந்து அடைக்கும். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி, மேலே எண்ணெய் மிதக்கணும். ஈரக் கரண்டி பட்டால் பூஞ்சணம்தான். அதனால் ஜாடியைப் பந்திக்குக் கொண்டுவராமல், அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் கிண்ணத்தில் எடுத்து வையுங்க.

கேள்வி கேட்டவர்: பார்சலுக்கு?

பதில் 3: ஊறுகாயை வாழையிலைத் துண்டில் மடிக்கலாம். இலையை லேசாக அனலில் வாட்டினால் கிழியாது.