தன்னையே கூப்பிடும் ஃபங்ஷன்: டேட்டாபேஸில் அடி வாங்கியவர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். பம்ப் பாகங்களின் டேபிள், ஒவ்வொரு பாகத்துக்கும் தாய்ப் பாகம் எது என்று ஒரு ஃபீல்டு. ஷாஃப்ட் ரோட்டருக்குள், ரோட்டர் மோட்டாருக்குள் என்று முழுப் பாதையையும் கோர்த்துத் தர மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் தன்னையே கூப்பிடும் ஒரு ஸ்டோர்டு ஃபங்ஷன் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைக்கும், ஒரு மதிப்பைத் திருப்பித் தரும் நிரல்) எழுதினேன். கிரியேட் பண்ணும்போது மூச்சு விடவில்லை. செலக்ட்டில், அதாவது டேட்டாவை எடுக்கும் கட்டளையில், கூப்பிட்டதும் எரர் 1424, ரிகர்சிவ் (தன்னையே கூப்பிடும்) ஃபங்ஷனுக்கு அனுமதி இல்லையாம். இதை முதலிலேயே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சரி என்று ப்ரொசீஜராக (தனியாகக் கூப்பிட்டு ஓட்டும் நிரல்) மாற்றினால் எரர் 1456. ப்ரொசீஜருக்கு ரிகர்ஷன் உண்டு, ஆனால் எத்தனை படி ஆழம் போகலாம் என்ற அளவு பூஜ்யத்தில்தான் கிடக்கும், நாமாக 255 வரை ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றினேன், ஓடியது. ஆனால் ப்ரொசீஜரை செலக்ட்டுக்குள் வைக்க முடியாதே, எனக்கு ரிப்போர்ட்டில் வரிக்கு வரி பாதை வேண்டும்.

கடைசியில் மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு மாறி, தாய் இல்லாத பாகங்களில் தொடங்கி 'வித் ரிகர்சிவ்' (முந்தைய படியின் விடையை வைத்து அடுத்த படியை எடுக்கும் க்வெரி) போட்டுக் கீழே இறங்கினேன். அங்கேயும் ஒரு பள்ளம். பாதை ஃபீல்டின் அகலத்தை, தொடக்கப் பாகங்களை எடுக்கும் முதல் செலக்ட்டை வைத்தே அது முடிவு செய்துவிடுகிறது. என் பெயர் ஃபீல்டு 30 எழுத்து, மூன்றாவது படியிலேயே 'டேட்டா டூ லாங்'. முதல் செலக்ட்டில் காஸ்ட் (ஃபீல்டின் வகையையும் அகலத்தையும் மாற்றுவது) போட்டு 500 எழுத்து ஆக்கிய பிறகுதான் ஓடியது.

*

அண்ணா, நான் மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ் ஆள். இங்கே ஃபங்ஷன் தன்னையே கூப்பிடலாம், பெயருக்கு முன்னால் டிபிஓ (ஃபங்ஷன் இருக்கும் தொகுப்பின் பெயர்) புள்ளி வைக்க மறந்தால் மட்டும் யார் நீ என்று கேட்கும். ஆனால் 32 படிதான். டெஸ்ட் டேட்டாவில் ஏழெட்டுப் படிதானே என்று விட்டுவிட்டேன். லைவில் யாரோ ஒரு பாகத்துக்குத் தாயாக அதன் பிள்ளையையே பதிந்து வைத்திருக்கிறார்! 32-இல் முட்டி நின்றதால்தான் அது தெரியவே வந்தது.

*

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஃபங்ஷன் தன்னைக் கூப்பிட்டால் தகராறு இல்லை. இரண்டு ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று கூப்பிட்டால்தான் வம்பு: எஸ்க்யூஎல் மொழியில் எழுதினால், இரண்டாவது இன்னும் பிறக்கவில்லை என்று முதலாவதை உருவாக்கவே விடாது. ஃபங்ஷனை உருவாக்கும்போதே அதன் உள்ளே இருப்பதைச் சோதிக்கும் 'செக் ஃபங்ஷன் பாடீஸ்' செட்டிங்கை அணைத்துவிட்டு ஏற்றுங்கள்.

*

மறுபடி நான்தான். தம்பி சொன்னதைப் படித்துவிட்டு என் டேபிளிலும் தேடினேன். ஐந்து பாகங்கள் ஒன்றுக்கொன்று தாயாக வட்டம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. தாய் இல்லாத பாகத்திலிருந்து இறங்குவதால் என் க்வெரி அந்தப் பக்கமே போனதில்லை, எரரும் வந்ததில்லை. இத்தனை நாளும் அந்த ஐந்தும் ரிப்போர்ட்டிலேயே இல்லை.