மறு: சுவையின்மையா, சுவை தெரியாமையா?

வணக்கம்.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுப்பவர்களுக்கான கையேட்டில் 'அகியூசியா' (நாக்குக்குச் சுவையே தெரியாமல் போவது) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன வைப்பது என்று முட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று எழுதியிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. வரிசையாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

> 'சுவையின்மை' ஏற்கெனவே இருக்கிறதே, புதிது எதற்கு?

சுவையின்மை என்றால் சாப்பாட்டில் குறை என்றுதான் பொருள்படும். நாக்கில் குறை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என் அண்ணனுக்கு நாக்கில் கட்டி வந்து சிகிச்சை நடந்தபோது வீட்டில் தினமும் இதே கதைதான். "உப்பே இல்லையே" என்பார். அண்ணி இன்னொரு சிட்டிகை போடுவார். அதையே நாங்கள் வாயில் வைக்க முடியாது. அண்ணிக்குத் தன் கைப்பக்குவம் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

> நாமரப்பு? சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் மரப்பு என்பது பல் பிடுங்க ஊசி போட்டால் வருவது. இங்கே நாக்கு மரப்பதில்லை. சூடு தெரியும், தொட்டால் தெரியும், வாய் புண்ணாகிக் கிடப்பதால் காரம் முன்னைவிட மோசமாக எரியும். நம் அறுசுவைக் கணக்கில் கார்ப்பு இருந்தாலும் உடலியலில் அது சுவை அல்ல, வலியையும் சூட்டையும் உணரும் நரம்புகளின் வேலை. துவர்ப்பையும் பெரும்பாலும் தொடுவுணர்வோடுதான் சேர்க்கிறார்கள். இந்த இரண்டும் போக மீதி நான்கு, ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908-இல் பிரித்துக் காட்டிய உமாமி என்ற சுவையோடு ஐந்து. ஆக, இனிப்பும் புளிப்பும் கிளம்பிப் போன பிறகும் கார்ப்பு மட்டும் வீட்டைக் காலி செய்யாமல் உட்கார்ந்திருக்கும்.

> 'சுவையிழப்பு' என்றால் முடிந்தது.

என் முதல் தேர்வும் இதுதான். பிறகுதான் தயங்கினேன். சுவை அரும்பில் உள்ள செல்கள் ஏறத்தாழ 10 நாள்தான் இருக்கும். அடியில் இருக்கும் மூலச் செல்கள் பிரிந்து புதிய செல்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். கதிர்வீச்சு முக்கியமாகக் கெடுப்பது இப்படிப் பிரியும் செல்களைத்தான். ஏற்கெனவே வேலையில் இருப்பவை தம் காலம் முடிந்து ஓய்வு பெறும், அந்த இடத்துக்கு ஆள் வராது. அதனால் முதல் வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் சுவை நழுவத் தொடங்கும். ஆறேழு வாரச் சிகிச்சை முடியும் சமயத்தில் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அடிபட்டால் உணவைக் கரைத்து அரும்பு வரை கொண்டு சேர்க்க ஈரமும் இருக்காது.

ஆனால் மூலச் செல்கள் தேறினால் அரும்பும் தேறும். பலருக்குச் சில மாதங்களில் திரும்புகிறது, சிலருக்கு ஓர் ஆண்டு வரை ஆகிறது, சிலருக்கு முழுதாக வருவதில்லை. உயிரிழப்பு, பொருளிழப்பு என்றே கேட்டுப் பழகிய காதுக்கு 'இழப்பு' என்றால் போனது போனதுதான். இரண்டாம் பக்கத்தில் அதைப் படித்தவர், மூன்றாம் பக்கத்தில் 'திரும்ப வரலாம்' என்று நாம் எழுதுவதை நம்புவாரா?

> சுவையறியாமை, அல்லது சுவையுணராமை.

அறியாமை வந்து ஒட்டினால் நோயாளியைப் படிப்பறிவில்லாதவர் ஆக்கிவிடும், வேண்டாம் ஐயா. 'சுவையுணரா' என்பதற்கும் பழைய வழக்கு உண்டு, ஆனால் 420-ஆம் குறளில் வள்ளுவர் அதைத் திட்டுவதற்கல்லவா பயன்படுத்துகிறார்!

சரி, அப்படியானால் என்னதான் வைப்பது? அண்ணன் சொன்னது "எனக்கு ருசி தெரியல". கண் தெரியவில்லை என்பது போன்ற வாக்கியம் அது. சமைத்தவர் மேலும் பழி இல்லை, சாப்பிடுபவர் மேலும் பழி இல்லை, நாளைக்குத் தெரியலாம் என்பதற்கும் இடம் இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை 'சுவை தெரியாமை'. தெரியாமையிலும் அறியாமையின் நிழல் உண்டு என்று ஒருவர் மடக்கலாம். கண் தெரியாதவர் என்னும்போது அந்த நிழல் விழுவதில்லையே.

கூடவே இன்னும் இரண்டு தேவை. சுவை குறைவாகத் தெரிவதற்கு 'சுவை மந்தம்': காது மந்தம் என்று ஏற்கெனவே புழங்குவதால் விளக்கமே வேண்டாம். தண்ணீர் கசப்பது, எதைத் தின்றாலும் இரும்பை நக்கியது போலிருப்பது, இவற்றுக்குச் 'சுவைத்திரிபு'. சுவை அடியோடு போவதைவிட மந்தமும் திரிபும் கலந்து வருவதே அதிகம் என்பதால், இயலின் தலைப்பில் 'சுவைக் கோளாறுகள்' என்று பொதுவாகப் போட்டுவிடலாம்.

அப்புறம், 'கதிரியக்கச் சிகிச்சை' என்று இந்த இழையிலேயே நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். கதிரியக்கம் தானாகக் கதிர் உமிழும் பொருளின் குணம். வெளியிலிருந்து எக்ஸ்-கதிர் பாய்ச்சும் இயந்திரத்தை அணைத்தால் கதிர் நின்றுவிடும், நோயாளியின் உடம்பில் எதுவும் தங்காது. இந்தச் சொல்லால் பயந்து அண்ணன் சில நாள் பேரக்குழந்தையைத் தூக்கவே இல்லை. பேச்சுவழக்கில் உள்ள 'கரண்ட் வைக்கிறது' கூட இந்த விஷயத்தில் பரவாயில்லை.

'ருசி'யை மட்டும் நான் இன்னும் முடிவு செய்யவில்லை. நாக்கும் மூக்கும் சேர்ந்து தருவதை ருசி என்றும், நாக்கு மட்டும் தருவதைச் சுவை என்றும் பிரித்து வைத்துக்கொள்ளலாமா? வடசொல் என்று ஒதுக்குவதற்கு முன் ஒருமுறை யோசித்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன.