காசிமேட்டு விடியலைக் கைப்பேசியில் எடுப்பது எப்படி?

கேள்வி – தண்டையார்பேட்டைவாசி
வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் படகுகள் கரை சேர்வதையும் மீன் ஏலத்தையும் கைப்பேசியில் எடுத்து வருகிறேன். கண்ணுக்குச் செக்கச்சிவந்து தெரியும் வானம் படத்தில் வெளிறிவிடுகிறது. கறுப்பு நிழலுருவாக வர வேண்டிய படகோ பட்டப்பகலில் எடுத்ததுபோல் தெரிகிறது. தனிக் கேமரா வாங்காமல் இதற்கு வழி உண்டா?

மறுமொழி – கடற்கரைக் கண்
வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து, இருண்ட பகுதியைத் தூக்கி, வெளிச்சமான பகுதியை அடக்கி ஒன்றாக இணைக்கும் எச்டிஆர் முறைதான் உங்கள் நிழலுருவைக் கெடுக்கிறது. அமைப்புகளில் அதை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள். பிறகு, திரையில் சூரியனுக்குச் சற்றுத் தள்ளியுள்ள வானத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். அருகில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, படகு முழுவதும் கறுக்கும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். அமைப்புகளை நாமே மாற்ற உதவும் புரோ மோடு இருந்தால், படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5500 கெல்வினில் நிறுத்துங்கள். விடியலின் செம்மை அப்படியே நிற்கும். கூட்டமில்லாமல் பழகிப் பார்க்க, 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தின் முகப்புத் தூண்கள் போதும்.

மறுமொழி – வலைக்காரர் மகன்
ஏலத்திற்கு வேறு உத்தி தேவை. சூரியன் வருமுன், விளக்கொளியில், ஒளியுணர் அளவான ஐஎஸ்ஓவைக் குறைத்து, ஒளி பதியும் நேரமான ஷட்டர் வேகத்தை 1/8 நொடியில் வைத்து, கைப்பேசியைத் தூணில் சாய்த்துப் பிடித்தால், அசையாமல் நின்று விலை கூறுபவர் தெளிவாகவும் சுற்றி நெருக்கும் கூட்டம் கலங்கலாகவும் பதியும். விடிந்த பிறகு இது எடுபடாது; பெரும்பாலான கைப்பேசிகளில் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வழியில்லை என்பதால் படம் வெளுத்துப்போகும். லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டினால் சமாளிக்கலாம்.

தண்டையார்பேட்டைவாசி
இருவருக்கும் நன்றி. ஏலக் கூடத்தில் நெருங்கிப் போகத் தயக்கமாக இருப்பதால் ஜூம் செய்தே எடுக்கிறேன். அது சரியா?

மறுமொழி – வலைக்காரர் மகன்
தொலைவிலுள்ளதைப் பெரிதாகக் காட்டும் தனி டெலி லென்ஸ் இல்லாத கைப்பேசியில் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். மீன் செதிலின் மினுமினுப்பு அதில் போய்விடும். வியாபாரம் ஓய்ந்ததும் மீன் விற்கும் அக்காக்களிடம் கேட்டுவிட்டு அருகில் செல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஐஸ் உருகித் தரையில் தேங்கியிருக்கும் தண்ணீர் கண்ணில் பட்டால், லென்ஸ் கீழே வரும்படி கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை ஒட்டி எடுத்துப் பாருங்கள், கூடைகளும் ஆட்களும் முழுதாகப் பிரதிபலிப்பார்கள். உப்புக்காற்று படிந்த லென்ஸைப் பருத்தித் துணியால் அடிக்கடி துடைக்காவிட்டால் எல்லாப் படமும் மங்கலாகத்தான் வரும்.