லேப்டாப் திடீர்னு ஹேங் ஆகுது, மவுஸ் மட்டும் நகருது. என்ன பிரச்சனையா இருக்கும்?

கேள்வி:
வணக்கம். 9 வருஷமா வச்சிருக்கற லேப்டாப், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ரெண்டு மாசமா சும்மா ப்ரவுசர் திறந்து வச்சிருந்தாலே அப்படியே நின்னுடுது, மவுஸ் நகருது ஆனா எத கிளிக் பண்ணாலும் ஒண்ணும் ஆகாது, ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் கழிச்சு தானா சரியாகி நான் கிளிக் பண்ணதெல்லாம் ஒரே நேரத்துல மொத்தமா திறக்குது. விண்டோஸ ஒருமுறை புதுசா போட்டும் பாத்துட்டேன், ரெண்டே நாள்ல பழைய கதை. பொண்ணோட சின்ன வயசு போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு, அதான் பயமா இருக்கு.

பதில் 1:
முதல்ல போட்டோவ வெளில எடுங்க, மத்தது எல்லாம் அப்புறம். ஹார்ட் டிஸ்க் மேல சந்தேகம் இருக்கும்போது செக்டிஸ்க், டிஃப்ராக் மாதிரி டிஸ்க்க சரிபாக்கற, அடுக்கி வைக்கற ப்ரோக்ராம் எதையும் ஓட்டாதீங்க, போற நிலைமைல இருக்கற டிஸ்க்க முழுசா படிக்க வச்சா அதுலயே செத்துடும்.

ஹேங்ல ரெண்டு வகை இருக்கு. மவுஸும் நின்னு, கேப்ஸ் லாக் அழுத்துனா அந்த லைட் கூட மாறலன்னா ரேம், சூடு, மதர்போர்டு பக்கம் பாக்கணும். உங்களுக்கு மவுஸ் நகருது, கொஞ்ச நேரத்துல தானா மீண்டு வருது, அப்போ டிஸ்க்ல இருந்து பதில் வர்றதுக்காக விண்டோஸ் காத்துக்கிட்டு நிக்குதுன்னு தோணுது. டாஸ்க் மேனேஜர திறந்தே வச்சுக்கோங்க, ஹேங் ஆகும்போது டிஸ்க் 100% காட்டி, படிக்கற வேகம் மட்டும் பூஜ்யத்துல இருந்தா அதேதான். போட்டோ எடுத்து முடிச்சதும் டிஸ்க்கோட நிலைமைய காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர போட்டு 05, சி5, சி7ன்னு ஆரம்பிக்கற மூணு வரிலயும் கடைசி காலம்ல என்ன இருக்குன்னு சொல்லுங்க.

பதில் 2:
சூட்டையும் விட்டுடாதீங்க நண்பரே. என்னோடத 5 வருஷம் கழிச்சு திறந்தப்போ ஃபேனுக்கும் செம்பு குழாய் முனைல இருக்கற தகடுக்கும் நடுவுல தூசி கம்பளித்துணி மாதிரி ஒரே பட்டையா படிஞ்சிருந்துச்சு, விரலால உரிச்சு எடுத்தேன். வெளில இருந்து ஊதினா அது போகாது, ஃபேன கழட்டித்தான் ஆகணும். ஊதும்போது இறக்கைய விரலால புடிச்சுக்கோங்க, வேகமா சுத்த விட்டா பேரிங் போயிடும். கழட்டறதுக்கு முன்னாடி சார்ஜர எடுத்துட்டு பேட்டரி கனெக்டரையும் கழட்டிடுங்க. டச்பேட் மேல தூக்கிட்டு நின்னா பேட்டரி வீங்கிருக்குன்னு அர்த்தம், அத அழுத்தவோ குத்தவோ கூடாது, அப்படியே யூஸ் பண்ணவும் கூடாது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். போட்டோ எல்லாம் வெளி டிஸ்க்ல ஏத்தியாச்சு, நடுவுல மூணு தடவ நின்னு நின்னு போச்சு ஆனா முழுசா வந்துடுச்சு. ஹேங் ஆகும்போது டிஸ்க் 100%தான், வேகம் 0. ஆனா கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நீல கலர்ல நல்லா இருக்குன்னுதான் காட்டுது, 05 பூஜ்யம், சி5 பூஜ்யம், சி7ல மட்டும் 2பி4ன்னு இருக்கு. அது என்ன எழுத்தெல்லாம் வருது?

பதில் 1:
அது பதினாறடிமான எண், 9க்கு அப்புறம் ஏல இருந்து எஃப் வரைக்கும் எழுத்த எண்ணா வச்சு எழுதறது, 2பி4ன்னா நம்ம கணக்குல 692. 05ம் சி5ம் பூஜ்யம்னா டிஸ்க்கோட தகட்டுல சேதம் பதிவாகல, நல்ல சேதி. சி7ங்கறது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா போகும்போது கெட்டுப்போன எண்ணிக்கை, அதுக்கு பெரும்பாலும் கேபிள்தான் காரணம். அந்த சாஃப்ட்வேர் இத வச்சு எச்சரிக்கை காட்டாது, அதான் நீலமாவே நிக்குது. பழைய லேப்டாப் நிறையத்துல டிஸ்க்க ஒரு மெல்லிசான பட்டை கேபிள்லதான் மாட்டிருப்பாங்க. இன்னொரு ஹேங் ஆனதும் அந்த எண்ண திரும்ப பாருங்க, ஏறிருந்தா டிஸ்க்க மாத்தற முன்னாடி கேபிள பாருங்க. இத பாக்காம எஸ்எஸ்டி (சுத்தற தகடு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கி அதே கேபிள்ல மாட்டிட்டு புதுசும் ஹேங் ஆகுதுன்னு வந்து நிக்கறவங்க இருக்காங்க.

பதில் 3:
இன்னும் உறுதியா தெரியணும்னா ஹார்ட் டிஸ்க்க முழுசா கழட்டி வச்சுட்டு ஒரு பென் டிரைவ்ல விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு அதுல இருந்தே ஒரு மணி நேரம் ஓட்டுங்க. ஹேங் ஆகலன்னா ரேம், போர்டு மேல பெருசா சந்தேகப்பட வேண்டியதில்ல. அப்பவும் ஆச்சுன்னா ரேம சோதிக்கற மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓட விடுங்க.

கேள்வி கேட்டவர்:
லினக்ஸ்ல ரெண்டு மணி நேரம் ஓடுச்சு, ஒரு தடவ கூட நிக்கல. சி7 692ல இருந்து 731 ஆயிருந்துச்சு. திறந்து பாத்தா பட்டை கேபிள் ஓரத்துல மடிஞ்ச இடத்துல வெள்ளையா ஒரு கோடு, அதுக்கு மேலதான் கேஸோட ஸ்க்ரூ தூண் உக்காருது. அதே பார்ட் நம்பர் போட்ட கேபிள் வாங்கி மாட்டினேன், ஃபேன் தூசியும் எடுத்துட்டேன். இன்னைக்கு 6வது நாள், எண் 731லயே நிக்குது, அது குறையாதா?

பதில் 1:
குறையாது, அது மொத்தக் கணக்கு. ஏறாம இருந்தா போதும். இனி தைரியமா எஸ்எஸ்டி போடலாம், 2.5 இன்ச் சைஸ், 7 மிமீ தடிமன். உங்க பழைய டிஸ்க் 9.5 மிமீ இருந்தா ஆடாம இருக்க ஒரு ஸ்பேசர் ஒட்டிக்கோங்க. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, எஸ்எஸ்டி போடும்போதே லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்க, 8 ஜிபி ரேமுக்கு தாராளமா ஓடும். போட்டோவ இன்னொரு காப்பியும் எடுத்து வேற இடத்துல வைங்க.