டிஃப்பில மேலயும் கீழயும் எத்தனை வரி காட்டணும்? 3 போதுமா?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

நெல் கொள்வனவுக் கணக்குக்கு ஒரு மென்பொருள் செய்றம். ரிவியூவுக்கு (ஒருத்தர் செய்த மாற்றத்த மற்றவர் சரிபார்க்கிறதுக்கு) எங்கட சேர்வரிலேயே ஒரு சின்னப் பக்கம் வச்சிருக்கம். கிட் (கோப்பு மாற்றங்களப் பதிஞ்சு வைக்கிற கருவி) தாற டிஃப்ப, அதாவது மாறின வரிகளின்ட பட்டியல எடுத்து நிறம் போட்டுக் காட்டும், அவ்வளவுதான். வழமையான அளவு, அதாவது மாறின வரிக்கு மேல 3, கீழ 3. நேற்று ரிவியூவுக்கு வந்தது இது (- பழைய வரி, + புது வரி; எண்கள் உதாரணத்துக்கு):

```
@@ -41,7 +41,7 @@
   மூடை_எடை: 50
   தூசு_எல்லை: 1
   ஈர_எல்லை: 14
-  கழிவு: 2.0
+  கழிவு: 2.5
   பணம்_நாள்: 7
   களஞ்சியம்: 2
   பற்றுச்சீட்டு: ஆம்
```

இது எந்த நெல் இனம்: நாடா, சம்பாவா, கீரிச்சம்பாவா? இதைப் பார்த்துச் சொல்ல ஏலாது. மூண்டு இனத்துக்கும் இதே மாதிரித் துண்டுதான் இருக்கு. "சம்பா:" எண்ட தலைப்பு 6 வரிக்கு மேல நிக்குது. 10 வரி காட்டுவம் எண்டு ஒருத்தர் சொல்றார், முழுக் கோப்பையும் காட்டு எண்டு இன்னொருத்தர். முழுசாக் காட்டினா 1,400 வரி பைத்தன் கோப்புக்குள்ள மாறின 2 வரியத் தேடித் திரியணும். எந்த அளவு சரி?

---

கல்லடிக் காற்று (கல்லடி)

தம்பி, டிஃப்ப ரெண்டு பேர் வாசிக்காங்க: மனுசனும் பட்ச் கட்டளையும் (டிஃப்ப வாசிச்சு அதே மாற்றத்த மற்ற ஆளின்ட கோப்பில போடுறது). ரெண்டு பேருக்கும் ஒரே அளவு சரிவராது. 1990இல் யூனிஃபைட் வடிவம் வந்த காலத்தில டிஃப்ப அனுப்புறதே மற்ற ஆள் பட்ச் போடுறதுக்குத்தான். பட்ச் ஒழுங்கா வேலை செய்யக் குறைஞ்சது 2 வரி வேணும் எண்டு குனூ கைநூல் சொல்லுது. 3 வரி அதுக்குக் காணும். ஆனா அந்த 3 வரியில ஒரு மனுசனுக்கு விசயம் விளங்குமா எண்டது வேற கேள்வி.

மற்றக் கருவிகளப் பாருங்க. விம் டிஃப் 6 வரி விட்டுட்டு மிச்சத்த மடிக்கும். கெரிட் 10. கிட்ஹப் 3 காட்டி, அம்புக்குறிய அமத்தினா 20 வரி 20 வரியாத் திறக்கும். எனக்குப் பிடிச்சது கடைசி முறை, ஆனா தொடக்கம் 3 இல்ல, 10. பக்கத்துக்குப் பின்னால ஓடுற கட்டளையில -யூ10 (யூ பெரிய எழுத்து) போடுங்க, காணும்.

ஒண்ட மட்டும் கவனிங்க. ரெண்டு மாற்றத்துக்கு நடுவில மாறாத வரி, நீங்க குடுத்த எண்ணின்ட ரெண்டு மடங்குக்குள்ள இருந்தா கிட் ரெண்டையும் ஒரே ஹங்க்கா (@@ வரியில தொடங்குற துண்டு) ஒட்டிடும். 3 எண்டா 6 வரி வரைக்கும், 10 எண்டா 20 வரி வரைக்கும். அதால 25க்கு மேல போனா, சின்னச் சின்ன மாற்றம் கனக்க உள்ள கோப்பு ஒரே நீட்டுத் துண்டா வந்து நிக்கும். எது எங்க முடியுது எண்டு கண்ணுக்குப் பிடிபடாது.

---

அக்கரை வெளி (அக்கரைப்பற்று)

கல்லடிக் காக்கா (அண்ணன்) சொன்னது சரி. ஆனா வரி எண்ணிக்கைய ஏத்த முதல், ரெண்டாவது @@ குறிக்குப் பிறகு வெறுமையாக் கிடக்குற இடத்தப் பாருங்க. எந்தத் தலைப்புக்குக் கீழ இந்த மாற்றம் எண்டு கிட் எழுதுற இடம் அது. உங்கட துண்டுல ஏன் வெறுமை? தலைப்பு எண்டு கிட் வழமையா எடுக்கிறது, வரியின்ட முதல் எழுத்து ஆங்கில எழுத்து, அடிக்கோடு, டொலர் குறி இதுல ஒண்டா இருந்தா மட்டும். "சம்பா:" தமிழில தொடங்குது, அதால அது தலைப்பு எண்டே கிட்டுக்குத் தெரியாது.

தீர்வு ரெண்டு வரி. கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில (எந்தக் கோப்ப எப்பிடிக் கையாளணும் எண்டு கிட்டுக்குச் சொல்றது) இந்த யாமல் கோப்புகளுக்கு (நீங்க மேல காட்டின வடிவம்) டிஃப் எண்ட இடத்தில ஒரு பேர் குடுங்க, "நெல்" எண்டு வைப்பம். மறுகா கிட் கொன்ஃபிக்கில (கிட்டின்ட அமைப்புக் கோப்பு) அந்தப் பேருக்கு எக்ஸ்ஃபங்க்நேம் அமைப்பில இந்தக் கோலம்:

```
^[^ #].*
```

இடைவெளியிலயோ # குறியிலயோ தொடங்காத வரியெல்லாம் தலைப்பு எண்டு அர்த்தம். இனி 3 வரியிலயே இப்பிடி வரும்:

```
@@ -41,7 +41,7 @@ சம்பா:
```

கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பு கமிட்டோட எல்லாருக்கும் போகும். கொன்ஃபிக் போகாது, சேர்வரிலயும் ஒவ்வொரு கணினியிலயும் தனித்தனியாப் போடணும். இதை மறந்தா ஒருத்தருக்குத் தலைப்பு வரும், மற்றவருக்கு வராது.

பைத்தனுக்குக் கோலம் எழுதத் தேவையில்ல, கிட்டுக்குள்ளயே இருக்கு. ஆனா கோப்பின்ட நீட்சியப் பார்த்து அதுவாப் பிடிக்காது. கிட்அட்ரிபியூட்ஸ்ல டிஃப் பைத்தன் எண்டு சொல்லணும். சொல்லாட்டி உள்தள்ளி எழுதின மெதட் எதையும் காணாது, மேல இருக்கிற கிளாஸ் பேரத்தான் காட்டும். -டபிள்யூ (இதுவும் பெரிய எழுத்து) மாறின ஃபங்ஷன முழுசாக் காட்டுற தெரிவு. அமைப்பு இல்லாம அதைப் போட்டா முழுக் கிளாஸும் வந்து விழும். அமைப்புப் போட்ட பிறகு பைத்தனுக்கு -யூ10 ஐ விட -டபிள்யூ நல்லம் எண்டு நான் நினைக்கன், ஃபங்ஷன் 60, 70 வரிக்குள்ள இருந்தா.

---

வாவிக்கரை

தலைப்பு வருது, பெரிய உதவி. அப்ப எல்லாருடைய கணினியிலயும் டிஃப்.கொன்டெக்ஸ்ட் (எத்தனை வரி காட்டணும் எண்டு சொல்ற கிட் அமைப்பு) 10 எண்டு போட்டுடலாமா? சில மில்லுகளில இணையம் இல்ல, பென்டிரைவில பட்ச் கொண்டுபோய்த்தான் போடுறம். அதுக்கும் 10 நல்லமா?

---

கல்லடிக் காற்று

பொதுவாப் போடாதீங்க. அந்த அமைப்பு ஃபோர்மட்-பட்ச் (பட்ச் கோப்பு செய்ற கிட் கட்டளை) எழுதுற கோப்பையும் மாத்தும். கிட் அப்ளை (பட்ச்சப் போடுற கிட் கட்டளை) தானா ஒரு வரியையும் விட்டுக்குடுக்காது. காட்டின சூழல் வரி (மாற்றத்துக்கு மேலயும் கீழயும் வாற மாறாத வரி) அத்தனையும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தணும். 10 வரி தள்ளி ஒருத்தர் ஒரு குறிப்புரையத் திருத்தியிருந்தாலும் பட்ச் ஏறாது. பட்ச்சுக்கு 3 இருக்கட்டும்.

---

திருக்கோவில் அலை (திருக்கோவில்)

பைத்தனுக்கு அது சரி. இந்த யாமல் கோப்புக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டன், இதுல ஆபத்து மற்றப் பக்கம் இருக்கு.

மில்லில ஒருத்தர் சம்பாவின்ட கழிவ முதலே கையால 2.5 ஆக்கிட்டார் எண்டு வைங்க. நீங்க 3 வரிப் பட்ச்சோட போறீங்க. 44ஆம் வரியில "கழிவு: 2.0" இல்ல. பட்ச் அதோட நிக்காது, மேலயும் கீழயும் தேடும். கீரிச்சம்பாவின்ட துண்டுல மேல 3, கீழ 3, நடுவில 2.0, எல்லாம் அப்பிடியே பொருந்துது. அங்க 2.5 எண்டு எழுதிட்டு, வெற்றி எண்டு சொல்லும். எத்தனை வரி தள்ளிப் போட்டன் எண்டு ஒரு செய்தி மட்டும் வரும். கிட் அப்ளையும் இதே மாதிரித் தேடும். கீரிச்சம்பா கொண்டு வாற விவசாயிக்குக் காசு குறையும், ஒரு பிழைச் செய்தியும் வராது.

தலைப்பு @@ வரியில இருக்குதானே எண்டு நம்ப வேணாம். அது மனுசனுக்கு, பட்ச் அதைப் பொருத்திப் பார்க்காது. சூழல் வரிக்குள்ள "சம்பா:" இருந்தாத்தான் பார்க்கும். அதால இந்தக் கோப்புக்கு மட்டும் பட்ச் எடுக்கக்குள்ள -யூ8 குடுங்க. அப்ப அதே நிலைமையில பட்ச் ஏறாம நிக்கும். அதுதான் நமக்கு வேணும்.

குனூ பட்ச் பாவிக்கிறதெண்டா -எஃப் 0 (பெரிய எஃப்) சேருங்க. வழமையில அது 2 வரைக்கும் தளர்வு குடுக்கும், அதாவது 3 சூழல் வரியில வெளிப்பக்கம் உள்ள 2 பொருந்தாட்டியும் ஏத்தும். ஒரே மாதிரித் துண்டு அடுக்கி வச்ச கோப்புக்கு அது கூடவே கூடாது. மில்லில உண்மையா ஓடவிட முதல் கிட் அப்ளைக்கு --செக், குனூ பட்ச்சுக்கு --ட்ரை-ரன் போட்டுப் பாருங்க. குனூ பட்ச் "ஓஃப்செட்" எண்ட சொல்லக் காட்டினா கோப்பத் திறந்து எந்த இனத்துக்குக் கீழ விழப்போகுது எண்டு கண்ணால பாருங்க. கிட் அப்ளை அதை வாய் திறந்து சொல்ல -வி (சின்ன எழுத்து) போடணும்.

---

அக்கரை வெளி

இது முக்கியம், நான் யோசிக்கல்ல. வாவிக்கரை, உங்கட பக்கத்தில விரிக்கிற பொத்தான் வைக்கிறதெண்டா ஒரு விசயம்: மேல திறக்கிற வரிகள கிட் ஷோ கட்டளையால புதுக் கோப்பில இருந்து எடுங்க. பழைய வரி எண் வேணுமெண்டா @@ இல உள்ள ரெண்டு தொடக்க எண்ணின்ட வித்தியாசத்தக் கழிங்க. -41 +44 எண்டா 3. மேல ஏற்கெனவே 3 வரி கூடியிருக்கு எண்டு அர்த்தம். இதை விட்டா இடப்பக்க எண்கள் பிழைச்சு, ரிவியூக் குறிப்பு வேற வரியில போய் ஒட்டும். விரிச்சுக் கொண்டு போய் அடுத்த ஹங்க்கத் தொட்டா, நடுவில உள்ள @@ வரிய எடுத்துடுங்க.