ஆரோவில்: பொட்டலில் முதலில் செய்தது என்ன?

கேள்வி:
வணக்கம். 1968 பிப்ரவரி 28 அன்று புதுச்சேரி அருகே பன்னாட்டு நகரமான ஆரோவில் தொடங்கியபோது அங்கே செம்மண் பொட்டல்தான் இருந்ததாமே. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிலிருந்து ஆரம்பித்தார்கள்?

பதில் 1:
வரைபடம் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜே ஆன்ழேயுடையது. நடுவே மாத்ரிமந்திர் என்ற தியான மண்டபம், சுற்றிலும் குடியிருப்பு, தொழில், பண்பாடு, பன்னாடு என நான்கு பகுதிகள், வெளியே பசுமை வளையம். 50,000 பேருக்கான திட்டம். ஆனால் மழைநீரை நிறுத்தாமல் அங்கே எதுவும் முளைக்காது. அதனால் சமமட்டமாக வரப்பு போட்டு, ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். மட்டம் பார்ப்பதுதான் முக்கியம். வரப்பு ஓரிடத்தில் கொஞ்சம் தாழ்ந்தாலும் ஐப்பசி மழை அங்கேயே உடைத்துப் பள்ளம் பறித்துவிடும்.

பதில் 2:
வரப்புக்குப் பிறகு மரம். கன்றுகளை ஆடுமாடு மேயாமல் காப்பதே பெரிய வேலை. முதலில் வேகமாய் வளரும் ஆஸ்திரேலிய அகேசியா நட்டார்கள். அதன் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், சருகு மண்ணை மூடும். அந்த நிழலில் வீரை, காயா, நாவல் போன்ற நம் மண்ணின் மரங்களைக் கொண்டுவரலாம். இந்த வரிசை மிக அருமையானது.

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன். அகேசியா பலத்த காற்றைத் தாங்காது. 2011 டிசம்பரில் வந்த ‘தானே’ புயலில் ஏராளமாகச் சாய்ந்தன. நாட்டு மரம் நிலைத்ததும் அகேசியாவைப் படிப்படியாகக் கழித்துவிடுவதே சரி.