ஒரே படத்துக்கு நாலு இலக்கம்: மூலக்குறிப்பில் எதை எழுதுவது?

வேர்தேடி:
வணக்கம். கொழும்புச் செட்டிக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைத் தொகுக்கிறேன். 1771ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பதிவு ஒன்று ஃபமிலிசேர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் படமாக இருக்கிறது. ஒல்லாந்தச் சீர்திருத்த சபையின் பதிவேடு. தாளின் மூலையில் மையால் 87 என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே, பிற்காலத்தில் குத்திய முத்திரை இலக்கம் 44. தளமோ "படம் 214 / 688" என்கிறது. போதாததற்கு ஒன்பது தானங்களில் ஒரு படத்தொகுதி இலக்கம். எதை எழுதுவது? இணைப்பை மட்டும் ஒட்டிவிட்டால் போதாதா? தேடல் முடிவில் வரும் பெயரும் படத்தில் உள்ள பெயரும் வேறு வேறாக இருப்பது இன்னொரு தலையிடி.

ஏட்டுப்புழு:
நாலையும் எழுதுங்கள், ஆனால் கலக்காதீர்கள். 87உம் 44உம் புத்தகத்துக்குச் சொந்தம். 214உம் தொகுதி இலக்கமும் தளத்துக்குச் சொந்தம். தளம் நாளைக்குப் படங்களை வேறு மாதிரி அடுக்கினால் 214 செத்துவிடும், 87 சாகாது.

உங்கள் இரண்டு தாள் இலக்கங்களும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன, கவனித்தீர்களா? முத்திரை இலக்கம் ஏட்டுக்கு உரியது. பனையோலைச் சுவடியைப் போல ஏட்டுக்கு ஓர் இலக்கம், பக்கம் இரண்டு. 44ஆம் ஏட்டின் முன்பக்கம் 87, பின்பக்கம் 88. ஆகவே "பக். 87 (ஏடு 44, முன்)" என்று எழுதலாம். வெறுமனே "44" என்று விட்டால், பின்னால் வருகிறவர் 44ஆம் பக்கத்தைப் புரட்டிவிட்டு "பதிவே இல்லை" என்பார்.

இன்னொரு கணக்கு. ஒரு படத்தில் இரண்டு பக்கம் என்றால் 87ஆம் பக்கம் ஏறக்குறைய 44ஆவது படத்தில் வரவேண்டும். 214இல் வருகிறதென்றால், முன்னாலுள்ள சுமார் 170 படங்களும் பெரும்பாலும் வேறொரு புத்தகம். மைக்ரோஃபிலிம் சுருளில் இடம் மிச்சம் பிடிக்க இரண்டு மூன்று புத்தகங்களை அடுத்தடுத்துப் படம்பிடித்திருப்பார்கள். படங்களைச் சிறுகட்டங்களாக விரித்து, பின்னோக்கிப் போய், உங்கள் புத்தகத்தின் அட்டையையோ தலைப்புப் பலகையையோ பிடியுங்கள். தலைப்பை அங்கிருந்து எடுங்கள். தளம் முழுத் திரட்டுக்கும் வைத்த பெயர் புத்தகத்தின் பெயர் அல்ல.

மாதிரி:
ஒல்லாந்தச் சீர்திருத்த சபை, கொழும்பு, ஞானஸ்நானப் பதிவேடு (அட்டையில் உள்ள தலைப்பும் ஆண்டுகளும்), பக். 87 (ஏடு 44, முன்), மேலிருந்து எத்தனையாவது பதிவு, பிள்ளையின் பெயர், திகதி. இலக்கப் படம், ஃபமிலிசேர்ச், படத்தொகுதி இலக்கம், படம் 214/688, இணைப்பு, பார்த்த திகதி.

1771 என்பதால் கொழும்பில் இந்தச் சபைக்கு உரிய வுல்பெண்டால் கோயில் என்று எழுத மனம் வரும். கோயில் 1757இல் திறந்தது, அதனால் இந்த ஆண்டுக்குப் பொருந்தலாம். 1740ஆம் ஆண்டுப் பதிவுக்குப் பொருந்தாது. சபையின் பெயரை எழுதினால் இரண்டுக்கும் சரி.

மூன்றாம்குறுக்கு:
இணைப்பைப் பற்றி. முகவரியில் "ஆர்க்" (ark), அதன்பின் 61903 என்று வருவதுதான் நிலையான பகுதி. கேள்விக்குறி தொடங்கி வரும் வாலை வெட்டிவிடுங்கள். அந்த வாலில் உள்ள பட இலக்கம் பூச்சியத்திலிருந்து எண்ணுவது: திரையில் 214 என்றால் வாலில் 213. அதைப் பார்த்து எழுதி ஒரு படம் தவறியவர்கள் நிறையப் பேர்.

61903க்கு அடுத்து 3:1 என்றால் படத்தின் இணைப்பு. 1:1 என்றால் அட்டவணைப் பதிவின் இணைப்பு, அதாவது படத்தை வாசித்து யாரோ தட்டெழுதிய, தேடலில் வரும் பதிவு. இரண்டும் இரண்டு மூலங்கள். படத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் 3:1ஐ எழுதுங்கள். அட்டவணையை மட்டும் பார்த்திருந்தால் அதை ஒளிக்காமல் "அட்டவணை மட்டும்" என்று போடுங்கள்.

பெயர் ஒத்துவராததற்குக் காரணம் அநேகமாக அந்த அட்டவணைதான். ஒல்லாந்த எழுத்தர் நம் உகரத்தை ஓ, ஈ (oe) என்ற இரண்டு ரோமன் எழுத்தால் எழுதுவார். "முத்து" என்ற பெயரில் அது இரண்டு தரம் வரும். அட்டவணை போட்டவர் அதில் ஓர் எழுத்தை ஏ (a) என்று வாசித்தால் பெயரே மாறிவிடும். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவதும் சாதாரணம். குறிப்பில் படத்தில் உள்ள எழுத்துக்கூட்டலையே எழுதி, அட்டவணை வாசிப்பைத் தனியாகச் சொல்லுங்கள். பிறகு தேடுகிறவருக்கு அந்தப் பிழையான எழுத்துத்தான் உதவும்.

வேர்தேடி:
நன்றி, தெளிவாயிற்று. உறவினர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்கள் சில இருக்கின்றன. இணைப்பில்லை, ஓரமும் வெட்டுப்பட்டிருக்கிறது. பழைய குடும்பக் குறிப்பொன்றில் வெறும் மைக்ரோஃபிலிம் இலக்கம் மட்டும் இருக்கிறது. இவற்றை என்ன செய்வது?

ஏட்டுப்புழு:
ஃபிலிம் இலக்கத்தை ஃபமிலிசேர்ச் கட்டலொக்கில் போட்டுத் தேடுங்கள். சுருள்களை வரவழைத்துப் பார்க்கும் வசதி 2017 செப்டெம்பரில் நின்றுவிட்டது, ஆனால் பழைய இலக்கத்திலிருந்து படத்தொகுதிக்குப் போகலாம். ஒரு சுருள் இரண்டு தொகுதிகளாகப் பிரிந்திருக்கக்கூடும். ஒன்றைப் பார்த்துவிட்டு இல்லையென்று முடிவுகட்ட வேண்டாம்.

ஸ்கிரீன்ஷொட் வெறும் துப்பு. அசல் படத்தைக் கண்டுபிடிக்கும்வரை "உறவினர் அனுப்பிய படம், மூலம் தெரியாது" என்றே எழுதுங்கள். இனிமேல் படத்தை முழுத் தாளாக, ஓரத்து இலக்கங்களோடு தரவிறக்குங்கள். கோப்புக்கு ஆண்டு, இடம், பதிவு வகை, பெயர் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கும், உள்ளே எழுதிய விவரமும் போய்விடும். டொக்கியுமென்ட்டாக அனுப்பினால் தப்பும். மூலக்குறிப்பைப் படத்தின் அடியில் வெள்ளைப் பட்டை சேர்த்து எழுதிவிடுவது இன்னும் நல்லது. அதை எந்தச் செயலியும் உரிக்காது.

மூன்றாம்குறுக்கு:
ஒன்று விட்டுப்போயிற்று: இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் இணைப்பைச் சேமித்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். கணக்கில் உள்நுழைந்து பார்க்கும் படமென்றால் அங்கே பதிவது பெரும்பாலும் உள்நுழைவுப் பக்கம்தான்.

அடுத்து நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போவீர்கள் என்றால், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனித் தொகுப்பின் அணுகல் இலக்கம் 1.04.02. அதோடு, தொகுப்புக்குள் எந்தக் கட்டு என்று சொல்லும் இருப்பு இலக்கமும், அதற்குள் எந்தப் படம் என்று சொல்லும் ஸ்கேன் இலக்கமும் வேண்டும். அங்கே தரவிறக்கும் கோப்பின் பெயரிலேயே மூன்றும் வரிசையாக இருக்கும். அந்தப் பெயரை மட்டும் மாற்றாதீர்கள், உங்கள் விவரத்தை அதன் பின்னால் சேருங்கள்.